ரெண்டு பேருக்கும் ஒரே விவரம்தான் தெரியும், முடிவு மட்டும் வேற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். நிகழ்தகவு அலகு முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பை இந்த ஒரு விஷயத்துக்கு ஒதுக்கிவிடுவேன். நம் அளவுக்கே விவரம் தெரிந்த, நம் அளவுக்கே யோசிக்கக்கூடிய ஒருவர் நமக்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தால் என்ன செய்வது? வகுப்பில் தொடங்கும் பேச்சு கேன்டீனிலும் ஆசிரியர் அறையிலும் தொடரும். மாணவர்களும் சக ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

மேம், "சமமா தெரிஞ்சவங்க"ன்னா யாரு? ஒரே டிகிரி படிச்சிருக்கணுமா?

டிகிரிக்கும் இதற்கும் அதிகம் சம்பந்தமில்லை. தகராறில் இருக்கும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவரை இருவர் கையிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும். அதை அலசும் திறமை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் தூக்கக் கலக்கத்திலோ கோபத்திலோ இருக்கக் கூடாது.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பதில்கள் வெளிவருவதற்கு முன்னால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "நாங்கள் இருவரும் இதில் மாறுபட்டால், தப்பு யார் பக்கம் இருக்கும்?" "சரிபாதி வாய்ப்பு" என்று மனசாரச் சொல்ல முடிந்தால் அவர் உங்களுக்குச் சமம். "பெரும்பாலும் அவர்தான் சரியாக இருப்பார்" என்று தோன்றினால் அவர் உங்களைவிடத் தெரிந்தவர். இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது. பதில் வந்த பிறகு கேட்டால் எல்லோருக்கும் தன் பக்கம்தான் கனமாகத் தெரியும்.

எனக்கு என் பதில் சரின்னு தெரியுது. அவர் வேற சொன்னா அவர் தப்பு. இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் ஆறு பேர் வேன் பிடித்துப் பழனிக்குப் போய் வந்தோம். திரும்பும் வழியில் நானும் ஒரு தோழியும் தலைக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகப் போட்டோம். எனக்கு 1,430 வந்தது. அவருக்கு 1,460. இருவரும் கணக்கு வாத்தியார்கள், செலவுகள் இருவர் கண்முன்னே நடந்தவை, மனக்கணக்கில் இருவரும் அநேகமாகத் தப்புவதில்லை. என் எண் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவருடைய எண் அவருக்கும் அப்படித்தானே தெரிந்திருக்கும்? அந்த "பளிச்" இருவரிடமும் இருக்கும்போது அதை வைத்து யார் சரி என்று எப்படிச் சொல்வது? அந்த நிமிடத்தில் என் உறுதி பாதியாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது.

பிறகு தாளில் எழுதினோம். வாடகை 6,800, சுங்கம் 340, சாப்பாடு 1,440, டீ வடை 180. மொத்தம் 8,760, ஆறால் வகுத்தால் 1,460. டீ வடையை நான் விட்டிருந்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. தாளில் என் எண்ணே சரியாக வந்திருந்தாலும், தாளை எடுப்பதற்கு முன்னால் நான் பாதிக்குப் பாதிதான் நம்பியிருக்க வேண்டும். 2007-ல் டேவிட் கிறிஸ்டென்சன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஓட்டல் பில்லைப் பங்கு பிரிக்கும் இதே மாதிரி ஒரு உதாரணத்தை வைத்து வாதிட்டார். சமமானவர்கள் மாறுபட்டால் என்ன செய்வது என்ற இந்தத் தத்துவக் கேள்வியில் இன்றைக்கும் பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அப்போ ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பரை எடுத்துக்கணுமா?

வேன் கணக்கில் நடு எண் 1,445. அந்த எண்ணுக்கு இருவரில் ஒருவர்கூட வரவில்லை. இந்த மூன்று எண்களில் அநேகமாக நிச்சயமாகத் தப்பானது அதுதான்! பாதியாகப் பிரிய வேண்டியது நம்பிக்கை, விடையல்ல. 1,430-க்குக் கொஞ்சம் குறையப் பாதி வாய்ப்பு, 1,460-க்கும் அவ்வளவே, இரண்டுமே தப்பாக இருக்க மீதிக் கொஞ்சம் என்று மனதில் வைத்துக்கொண்டு தாளை எடுக்க வேண்டும். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார் என்றால் பாதி ஆபரேஷன் என்று ஒன்று கிடையாது.

நடுவில் எடுப்பது பலிக்கும் இடமும் உண்டு. குத்துமதிப்பாக அளவிடும் வேலைகளில் சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் பிளிமத் நகரச் சந்தையில் ஒரு எருதை வெட்டிச் சுத்தம் செய்தபின் வரும் எடையை ஊகிக்கும் போட்டியின் 787 சீட்டுகளை வாங்கி வைத்து 1907-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற புள்ளியியல் அறிஞர் கணக்குப் பார்த்தார். வரிசைப்படுத்தினால் நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198.

யார் சொன்னா என்ன? சொன்ன காரணம் சரியான்னு பார்த்தாப் போதாதா?

காரணத்தைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை எடைபோடுவது எது? ஏற்கனவே ஒருமுறை பிசகியிருக்கலாம் என்று நாம் சந்தேகிக்கும் அதே மூளைதானே?

விடைத்தாள் திருத்தும் ஒரு வேல்யூவேஷன் கேம்ப்பில் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான கட்டு. பத்து மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு 4 போட்டிருந்தேன். சீஃப் எக்ஸாமினராக இருந்தவர் என்னைப் போலவே பல வருடம் தாள் பார்த்தவர். அந்தத் தாளை என் மேஜையில் வைத்து, "நான் இதுக்கு 7 போடுவேன். இன்னொரு தடவை பாருங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. பார்த்தேன். விடை சரி, ஆனால் இரண்டு வரி இடையில் இல்லை, எங்கிருந்தோ குதித்த மாதிரி இருந்தது. விடைக்குறிப்பின்படி (கீ) 4-தான். மூன்றாம் தடவையும் 4-தான் வந்தது. அதே கண் அதே இடத்தில்தானே தேடும்?

காரணத்தை மட்டும் பார்ப்பவளாக இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் இவர் 7 என்று சொல்கிறார் என்றால் நான் காணாதது ஏதோ இருக்க வேண்டும் என்று தாளை முன்னும் பின்னும் புரட்டினேன். முந்தைய பக்கத்தின் ஓரத்தில், வேறொரு கேள்வி எண்ணுக்குக் கீழே, பென்சிலில் ஒரு மரவரைபடம். கிளை கிளையாக நிகழ்தகவுகள். காணாமல் போன இரண்டு வரியும் அதில் இருந்தன. அவருடைய கருத்து எனக்குக் காரணமாக வந்து சேரவில்லை, ஒரு சான்றாக வந்தது. நான் பிழை செய்திருக்கக்கூடும் என்பதற்கான சான்று. எதிர்க்கருத்தை இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால் அதைக் கேட்டதும் வரும் எரிச்சல் பெரும்பாலும் வராது.

பத்து பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி மட்டும் இன்னொரு பக்கம். மாறிடணுமா?

அந்தப் பத்துப் பேர் தனித்தனியாக யோசித்தார்களா என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-ல் காட்டிய கணக்கு இது: ஒவ்வொருவரும் 60 சதவீதம் சரியாகச் சொல்பவர் என்றால், தனித்தனியே யோசித்த மூவரில் பெரும்பான்மை சரியாக இருக்க 64.8 சதவீதம் வாய்ப்பு. பதினொரு பேர் என்றால் 75-ஐத் தாண்டும். ஆள் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட பத்துப் பேர் எதிரே நின்றால் தயங்காமல் இறங்கி வரலாம்.

ஆனால் "தனித்தனியே" என்ற சொல்லை எடுத்துவிட்டால் கணக்கே இடிந்துவிடும். ஒரே டியூஷன் நோட்ஸைப் படித்த பத்துப் பேர், ஒரே வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பத்துப் பேர், முதலில் பேசிய பெரியவருக்குத் தலையாட்டிய பத்துப் பேர் எல்லாம் ஒரு குரல்தான். இரட்டை மதிப்பீடு உள்ள தேர்வுகளில் முதல் ஆள் போட்ட மதிப்பெண்ணை இரண்டாம் ஆளுக்குக் காட்டாமல் மறைப்பது இதற்காகத்தான். பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைப் படங்களை இருவர் பார்த்து, மாறுபட்டால் அடுத்த கட்ட முடிவுக்கு அனுப்புகிறார்கள். துறை எதுவானாலும் எண்ணிக்கைக்கு முன்னால் இந்தத் தனிமையைப் பாருங்கள்.

அப்போ அவர் என்னோட ஒத்துப்போனா? அதுல ஒண்ணும் மாறாதுதானே?

மாறும், பலரும் கவனிக்காத இடம் இது. இரண்டு டாக்டர்கள், தனித்தனிப் பரிசோதனை செய்து, ஒருவர் கருத்து மற்றவருக்குத் தெரியாமல், "80 சதவீதம் இந்த நோய்தான்" என்கிறார்கள். பரிசோதனைக்கு முன்னால் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வர வேண்டிய முடிவு 80 அல்ல, ஏறக்குறைய 94. ஒவ்வொருவருடைய சான்றும் 80-க்கு 20, அதாவது நான்குக்கு ஒன்று என்ற விகிதம், இரண்டையும் பெருக்கினால் பதினாறுக்கு ஒன்று, அதாவது பதினேழில் பதினாறு. இருவரும் ஒரே ஸ்கேனைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இந்தப் பெருக்கல் செல்லாது.

சந்திரசேகர் எடிங்டனுக்காக இறங்கி வந்திருந்தா நோபல் கிடைச்சிருக்குமா? உங்க விதிப்படி அவர் தோத்திருக்கணுமே?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. நியாயமான கேள்வி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகர் 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் பேசினார். வயது 24. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெள்ளைக் குள்ளன் என்னும் சுருங்கிய விண்மீனாக அடங்கி நிற்க முடியாது என்பது அவர் கணக்கு. அவர் உட்கார்ந்ததும் எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். விண்மீன்களின் உள்ளமைப்பில் அந்தக் காலத்து உலகப் பெரியவர். சந்திரசேகரின் வேலை எப்படிப் போகிறது என்று அருகிலிருந்து பார்த்து வந்தவரும்கூட. அந்தக் கணக்கின் அடித்தளமே தப்பு என்று சபை சிரிக்கப் பேசினார்.

இங்கே முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்குத் திரும்புங்கள். சமமா, மேலா, கீழா என்பதைத் தகராறில் இருக்கும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். விண்மீன்களைப் பற்றி எடிங்டனுக்கு நிகரில்லை. ஆனால் தகராறு விண்மீனைப் பற்றியதே அல்ல. அடர்ந்து நெருக்குண்ட எலக்ட்ரான்களுக்குக் குவாண்டம் விதியையும் சார்பியலையும் சேர்த்துப் போடலாமா என்பதுதான் தகராறு. அதில் தெரிந்தவர்கள் நீல்ஸ் போர், வோல்ஃப்காங் பௌலி போன்ற இயற்பியலாளர்கள். சந்திரசேகர் செய்ததும் அதையே. கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதி போரின் கருத்தைக் கேட்டார். பௌலியிடமும் கேட்டார். எடிங்டன் சொல்வதில் பொருளில்லை என்று பதில் வந்தது. ஆக, அவர் பிடிவாதமாக நின்றார் என்று நாம் சொல்லும் கதை பாதிதான். அந்தக் குறிப்பிட்ட விஷயம் தெரிந்தவர்களிடம் தனித்தனியே சரிபார்த்துக்கொண்டு நின்றார்.

என் மனதை உறுத்துவது வேறொன்று. அப்படித் தனியாகச் சொன்னவர்களில் யாரும் அன்று பொதுவெளியில் வாய் திறக்கவில்லை. சபையில் இருந்தவர்களுக்கு எடிங்டனின் குரல் மட்டும் கேட்டது. கருத்தைக் குறைவாக நம்புவதில் தப்பில்லை, தெரிந்த கருத்தைச் சொல்லாமல் இருப்பது மற்ற எல்லோருடைய கணக்கையும் கெடுக்கிறது. சந்திரசேகர் 1937-ல் அமெரிக்கா போய் வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். நோபல் 1983-ல் வந்தது.

எதிராளி சொல்றது அபத்தமா இருந்தாக்கூட பாதிக்குப் பாதி கொடுக்கணுமா?

வேனில் என் தோழி "தலைக்கு 9,000" என்று சொல்லியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். மொத்தச் செலவே 8,760 என்னும்போது பங்கு அதைத் தாண்ட முடியாது. விளையாட்டாகச் சொல்கிறாரா, உடம்பு சரியில்லையா என்றுதான் யோசித்திருப்பேன். அதாவது இன்றைக்கு, இந்தக் கணக்கில் அவர் எனக்குச் சமமில்லை என்பதற்கு அந்த விடையே சான்று.

ஆனால் இந்த வாசலைக் குறுகலாக வைத்துக்கொள்ளுங்கள். எடிங்டனுக்கும் சந்திரசேகரின் முடிவு அபத்தமாகத்தான் பட்டது. விண்மீன் அப்படி நடந்துகொள்ளவிடாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் சரிபார்க்கக்கூடிய அபத்தம் வேறு, மனம் ஏற்க மறுப்பதால் தோன்றும் அபத்தம் வேறு. முதலாவதை மட்டும் ஏற்கிறேன்.

ரெண்டு நீதிபதி மாறுபட்டுத் தீர்ப்பு எழுதுறாங்களே, அவங்க யாரும் இறங்கி வர்றதில்லையே?

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வழக்கு, 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்கம். ஒரே ஆவணங்கள், ஒரே வாதங்கள், ஒரே சட்டம். 2018 ஜூன் 14 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகரின் உத்தரவு செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவதாக விசாரித்த நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று செல்லும் என்று தீர்ப்பளித்தார். ஒன்பது பேரைத் தகுதிநீக்கி ஒன்பது பேரை விடலாம் என்று யாரும் நடுவில் எடுக்கவில்லை.

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிபதியின் வேலை தன் சொந்த வாசிப்பைக் காரணங்களோடு எழுதி வைப்பது. சக நீதிபதி என்ன சொல்கிறார் என்று பார்த்து அதைக் கலந்துவிட்டால் மூன்றாம் நீதிபதிக்கு இரண்டு சுத்தமான வாசிப்புகள் கிடைக்காது. ஆனால் அதே நீதிபதியிடம் வீட்டில், "கடைசியில் எது நிற்கும்? பந்தயம் கட்டுவீர்களா?" என்று கேட்டால் அவர் தன் தீர்ப்பின் மேல் முழு உறுதியோடு கட்ட மாட்டார், கட்டக்கூடாது. எழுதித் தருவது முதல் வாசிப்பு, மனதில் நம்புவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகானது. வேல்யூவேஷனிலும் இதே பிரிவினைதான்.

ரெண்டு பேரும் ஒளிவுமறைவில்லாம முழுசா பேசினா கடைசியில ஒத்துப்போயிருவாங்களா?

ஒரு தேற்றம் அப்படித்தான் சொல்கிறது. 1976-ல் ராபர்ட் ஆமன் நிறுவியது (2005-ல் பொருளியல் நோபல் பெற்றவர்). இருவரும் ஒரே தொடக்க நிகழ்தகவிலிருந்து புறப்பட்டு, இருவரும் பகுத்தறிவோடு கணக்கிட்டு, ஒருவருடைய இறுதி எண் மற்றவருக்குத் தெரிந்து, அது தெரியும் என்பதும் இருவருக்கும் தெரிந்து, இப்படியே போனால், இரண்டு எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒருவர் கையிலிருக்கும் விவரம் மற்றவர் கையில் இல்லாவிட்டாலும்கூட.

நிஜ வாழ்க்கையில் தொடக்கம் ஒன்றாக இருப்பதில்லை, எதிராளி நேர்மையாகக் கணக்கிடுகிறார் என்ற நம்பிக்கையும் இருப்பதில்லை. தேற்றம் எனக்குப் பயன்படுவது வேறு விதத்தில். நீண்ட பேச்சுக்குப் பிறகும் நானும் நண்பரும் மாறுபட்டே நின்றால், மேற்சொன்ன நிபந்தனைகளில் எது உடைந்திருக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தொடக்க நம்பிக்கை கிடைக்கும்.

ஒரே ஆதாரத்தை வெச்சு ரெண்டு பேரும் சரியா இருக்க முடியாதா? ஏன் ஒருத்தர் தப்பாத்தான் இருக்கணும்?

பொங்கல் குழைய இருக்கணுமா, உதிரியாக இருக்கணுமா என்றால் முடியும். பேருந்துநிலையத்தை ஊருக்குள் வைப்பதா, வெளியே தள்ளுவதா என்பதிலும், யாருடைய வசதிக்கு எவ்வளவு மதிப்பு என்ற பகுதியில் முடியும். எண் ஒன்றைக் கேட்கும் கேள்வியில் முடியாது. பெரும்பாலான சண்டைகளில் இரண்டும் பின்னிக் கிடக்கும். பிரித்தெடுத்தால், உண்மையைப் பற்றிய பகுதியில் இதுவரை சொன்னவை பொருந்தும். மதிப்பைப் பற்றிய பகுதிக்குப் பேச்சுவார்த்தைதான் வழி.

அரசியல், சாமி விஷயத்துல? அங்கேயும் பாதிப் பாதியா?

இங்கேதான் "சமம்" என்பதை நிறுவுவதே கஷ்டம். ஆடம் எல்கா என்ற தத்துவ அறிஞர் எடுத்துக்காட்டிய சிக்கல் இது. வேன் கணக்கில், இதற்கு முன் போட்ட நூறு கணக்குகளை வைத்து தோழியின் திறமை எனக்குத் தெரியும். அரசியலில் எதிர்முனையில் நிற்பவர் ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுவதில்லை, தொடர்புடைய ஐம்பதிலும் மாறுபடுகிறார். தகராறில் இல்லாத எதை வைத்து அவரை எடைபோடுவது?

அதனால் அவரைக் கேட்காமலே விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. பெரிய கேள்வியை உடைத்து, சரிபார்க்கக்கூடிய சின்னத் துண்டு ஒன்றை எடுங்கள்: இந்தத் திட்டம் வந்த பிறகு பள்ளியில் வருகை கூடியதா? அந்தத் துண்டில் அவர் எப்படி வாதிடுகிறார், தப்பு என்று தெரிந்தால் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். ஒப்புக்கொள்பவர் என்றால் பெரிய கேள்வியிலும் அவர் குரலுக்கு எடை கூடுகிறது. நமக்கும் இதே அளவுகோல்.

எல்லாத்திலயும் பாதி உறுதியோட இருந்தா எவன் ஆராய்ச்சி பண்ணுவான், மேம்?

நம்புவது ஒன்று, உழைப்பது இன்னொன்று. நாற்பது சதவீதம் மட்டுமே நம்பும் வழியில் முழு மூச்சாக உழைக்கலாம். எல்லோரும் அறுபது சதவீத வழியிலேயே போனால் மற்ற வழியை யார் சோதிப்பது? குவாண்டம் கோட்பாடு முழுமையானது என்று போரும், இல்லை என்று ஐன்ஸ்டீனும் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். 1935-ல் ஐன்ஸ்டீன் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையின் கேள்வியை 1964-ல் ஜான் பெல் சோதிக்கத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1982-ல் ஆலன் ஆஸ்பே குழு பாரிஸ் அருகே நடத்தியது உட்படப் பல சோதனைகளின் விடை ஐன்ஸ்டீன் விரும்பிய பக்கம் வரவில்லை. ஆனால் அவர் விடாமல் கேட்டிராவிட்டால் அந்தச் சோதனைக்கே வழி இருந்திருக்காது. இந்தச் சோதனைகளை நடத்திய ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல்.

இறங்கி வரணும்ங்கிற உங்க கருத்தையே பெரிய அறிஞர்கள் ஏத்துக்கலையே. உங்க விதிப்படி நீங்க உங்க விதியையே பாதிதானே நம்பணும்?

ஆமாம். இந்த வாதம் கூர்மையானது, இதை முழுதாக முறியடிக்க என்னிடம் பதில் இல்லை. தாமஸ் கெல்லி போன்ற தத்துவ அறிஞர்கள், சான்றுகளைச் சரியாக எடைபோட்டவர், எதிராளி தவறாக எடைபோட்டார் என்பதற்காக இறங்க வேண்டியதில்லை என்கிறார்கள். எல்கா, இந்த விதி தனக்கு மட்டும் பொருந்தாது என்று விதிவிலக்கு வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறார். எனக்கு அந்த விதிவிலக்கு ஒட்டவில்லை. இறங்குகிறேன் என்பதே நேர்மை.

எங்கள் கல்லூரியில் தத்துவம் எடுக்கும் ஒருவர் "வாதத்தை மட்டும் பார்" கட்சி. மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தொடங்கும்போது என் பக்கத்தின் மேல் எனக்குப் பத்துக்கு ஒன்பது உறுதி. இப்போது ஆறரை. அவரிடம் கேட்டேன், எட்டரையில் தொடங்கி ஏழுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அவருக்கு இன்னும் திருப்தி இல்லாத இடம் எடிங்டன் பற்றி நான் மேலே எழுதியது. முடிவு தெரிந்த பிறகு "தகராறு விண்மீனைப் பற்றியதல்ல" என்று பிரிப்பது சுலபம், 1935 ஜனவரியில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் எப்படிப் பிரித்திருப்பார் என்கிறார். அடுத்த சனிக்கிழமை அதைப் பேசுவதாக இருக்கிறோம்.